மனு யாரிடம் கொடுப்பது? மாநில இன்சூரன்ஸ் சந்தைகளுக்கு யார் முதலாளி?

மன்னார்குடிப் பெண் | திங்கள், இரவு 10.41

வணக்கம். ரொம்ப நாளாகப் படித்துவிட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தவள். இன்று எழுத வைத்துவிட்டார்கள்.

கணவருக்குப் போன கோடையில் கான்ட்ராக்ட் முடிந்தது. நான் வீட்டிலேயே மற்றவர்களின் குழந்தைகள் ஆறு பேரைச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்கிறேன். இங்கே அமெரிக்காவில் வேலை வழியாக இன்சூரன்ஸ் இல்லாதவர்கள் அரசு மானியத்தோடு மருத்துவ இன்சூரன்ஸ் வாங்க ஒரு சந்தை உண்டு. எங்கள் மாநிலம் தானே நடத்தும் அந்தச் சந்தையில்தான் பாலிசி. மாநிலத்தின் பெயர் வேண்டாம், கேஸ் இன்னும் ஓடுகிறது. நவம்பரில் வருமானச் சான்று கேட்டுக் கடிதம் வந்தது. வங்கிக் கணக்கு, போன வருட வரிப் படிவம், அந்தக் குழந்தைகளின் பெற்றோர்கள் தரும் பணத்தை நான் கைப்பட எழுதிவைக்கும் நோட்டின் பக்கங்கள் எல்லாம் அனுப்பினேன். "தெளிவாக இல்லை" என்று பதில். நூலகத்துக்குப் போய் ஸ்கேன் செய்து மறுபடி அனுப்பினேன். அதே பதில். மூன்றாவது தடவை வலைத்தளத்தில் ஏற்றியதும் "கிடைத்தது" என்று பச்சை எழுத்தில் வந்தது. அடுத்த வாரம் மானியத்தை நிறுத்திவிட்டதாகக் கடிதம். மாதம் 412 டாலர் கட்டிக்கொண்டிருந்தோம், இப்போது 1,386.

போன் செய்தால் இன்சூரன்ஸ் கம்பெனியைக் கேள் என்கிறார்கள். கம்பெனி சந்தையைக் கேள் என்கிறது. கடைசியில் ஒரு பையன் "அது சிஸ்டம் எடுத்த முடிவு மேடம்" என்றான்.

ஊரில் அப்பாவிடம் சொன்னேன். "திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு நாள் இருக்கே, அந்த மாதிரி அங்க ஒண்ணும் கிடையாதா?" என்றார். முதலில் சிரித்தேன். அப்புறம் யோசித்தால் பதில் தெரியவில்லை. இது அரசு ஆபீஸா, தனியார் கம்பெனியா? இதற்கு மேலே யார்?

---

கடுப்பு கந்தன் | திங்கள், இரவு 11.05

மேலே யாரும் இல்லை. அதுதான் விஷயம். ஹெல்த்கேர்.கவ் என்று மத்திய அரசு ஒன்று நடத்துகிறதே, எல்லா மாநிலமும் அதிலேயே இருந்துவிட்டுப் போகலாம். ஆளுக்கொரு கடை எதற்கு?

---

வரிவேலை | திங்கள், இரவு 11.20

அக்கா, ஒன்று முதலில் சொல்லுங்கள். 2025 முடிவோடு கூடுதல் மானியம் காலாவதியாகிவிட்டது. வருமானம் வறுமைக்கோட்டு அளவில் 400 சதவீதத்தைத் தாண்டினால் இப்போது ஒரு பைசா கிடையாது. கடிதத்தில் அந்தக் காரணமா, வேறு காரணமா?

---

மன்னார்குடிப் பெண் | திங்கள், இரவு 11.26

அதற்குள்தான் தம்பி இருக்கிறோம். "வருமானத்தைச் சரிபார்க்க முடியவில்லை" என்று மட்டும் போட்டிருக்கிறது.

---

பழைய கணக்குப்பிள்ளை | செவ்வாய், காலை 6.15

அம்மா, முதலில் அப்பீல் போடுங்கள், சட்டம் அப்புறம் பேசலாம். கடிதத் தேதியிலிருந்து 90 நாள் அவகாசம். ஏற்கெனவே இருந்த மானியத்தை நிறுத்தியதற்கு எதிரான அப்பீல் என்பதால், முடிவு வரும்வரை பழையபடியே தொடர வேண்டும் என்று அதிலேயே கேளுங்கள். மாநிலத்தில் தோற்றால் 30 நாளுக்குள் மத்திய சுகாதாரத் துறையின் அப்பீல் பிரிவுக்குப் போகலாம். இது பலருக்குத் தெரியாது. மாநிலச் சந்தை சொன்னதே கடைசி வார்த்தை என்று விட்டுவிடுகிறார்கள்.

இனி உங்கள் அப்பாவின் கேள்வி. இருபது வருடம் அரசுத் திட்டங்களைத் தணிக்கை செய்து ஓய்வு பெற்றவன், கொஞ்சம் நீளமாகத்தான் சொல்வேன்.

2010 மார்ச்சில் வந்த ஒபாமாகேர் என்ற மருத்துவ இன்சூரன்ஸ் சட்டம், சந்தை ஒன்று அரசு அமைப்பாக இருக்கலாம், அல்லது மாநிலம் உண்டாக்கிய லாபநோக்கற்ற அமைப்பாக இருக்கலாம் என்றது. மாநிலம் கை விரித்தால் மத்திய அரசு வந்து நடத்தும். அதனால் ஊருக்கு ஊர் ஒரு வடிவம். நியூயார்க்கில் சுகாதாரத் துறைக்குள்ளேயே ஒரு பிரிவு. நியூ ஜெர்ஸியில் வங்கி, காப்பீட்டுத் துறையின் கீழே. கனெக்டிகட்டில் பாதி அரசு, பாதி தனி நிறுவனம் மாதிரி. கலிஃபோர்னியாவில் தனி வாரியம். ஹவாய் தனியார் லாபநோக்கற்ற அமைப்பாகத் தொடங்கியது. அங்கே 1974 முதலே முதலாளிகள் தொழிலாளர்களுக்கு இன்சூரன்ஸ் தரவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சந்தைக்கு வர ஆள் ஏது? 2015இல் கடையைக் கட்டிவிட்டார்கள்.

தனி வாரியம் என்றால் சில மத்திய விதிகள் உண்டு. கூட்டம் பொதுமக்கள் பார்க்க நடக்க வேண்டும், முன்னறிவிப்போடு. வாக்குரிமை உள்ளவர்களில் பாதிக்கு மேல் இன்சூரன்ஸ் கம்பெனி ஆட்களோ ஏஜென்ட்களோ இருக்கக் கூடாது. நுகர்வோர் சார்பில் ஒருவராவது இருக்க வேண்டும். வருடா வருடம் வெளித் தணிக்கையாளர் கணக்குப் பார்த்து அறிக்கை தர வேண்டும், அது இந்தச் சந்தைகளைக் கவனிக்கும் சிஎம்எஸ் என்ற மத்திய அரசு அமைப்புக்குப் போகும். 2015 ஜனவரி 1 முதல் மத்தியப் பணத்தை எதிர்பார்க்காமல் சொந்தக் காலில் நிற்க வேண்டும். பெரும்பாலும் கம்பெனிகள் பிரீமியத்திலிருந்து ஒரு சதவீதம் கட்டுகின்றன. அதாவது நீங்கள் கட்டுகிறீர்கள்.

அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு வரி: நிர்வாகப் பணத்தை ஊழியர் உல்லாசப் பயணத்துக்கும், இலவசப் பரிசுப் பொருளுக்கும், அளவுக்கு மீறிய சம்பளத்துக்கும் செலவழிக்கக் கூடாது. பேனா, குடை கொடுப்பதைக்கூட யோசித்து எழுதியவர்கள், ஒன்றை மட்டும் கோட்டை விட்டார்கள். மாலையில் எழுதுகிறேன், பேத்தியைப் பள்ளியில் விட வேண்டும்.

---

சாக்ரமெண்டோ சந்திரா | செவ்வாய், காலை 9.32

ஐயா சொன்னதில் கலிஃபோர்னியா எனக்குத் தெரிந்த இடம். கவர்ட் கலிஃபோர்னியா என்ற எங்கள் சந்தையின் வாரியத்தில் ஐந்தே பேர். மாநில சுகாதாரத் துறைச் செயலாளர் பதவியின் பெயரில் ஒருவர். ஆளுநர் நியமிப்பது இரண்டு பேர். செனட் விதிக்குழு ஒருவர், சட்டமன்ற சபாநாயகர் ஒருவர். 2010 செப்டம்பரில் ஆளுநர் ஷ்வார்ஸ்னேகர் கையெழுத்துப் போட்டது. குடியரசுக் கட்சிக்காரர், ஆனாலும் ஒபாமா சட்டத்துக்குப் பின் முதல் சந்தை அவருடையது. வாரியத்திலும் ஊழியரிலும் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருப்பவர் கூடாது, ஏஜென்ட் கூடாது, மருத்துவமனைகளில் வேலை செய்பவரும் கூடாது. மத்திய விதியைவிட இறுக்கம்.

நான் இரண்டு கூட்டங்களுக்குப் போயிருக்கிறேன். நிகழ்ச்சி நிரலைப் பத்து நாள் முன்பே வெளியிட வேண்டும். யார் வேண்டுமானாலும் மைக் முன்னால் போய்ப் பேசலாம். சுவாரசியமாக இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். பல் மருத்துவத் திட்டத்தில் நோயாளி கையிலிருந்து கட்டும் இணைக்கட்டணத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் ஓடியது. பக்கத்தில் ஒரு பெரியவர் பின்னல் ஊசியோடு வந்து ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார், தெரிந்துதான் வந்திருக்கிறார் போல.

ஆனால் அந்த முக்கால் மணி நேரத்துக்குப் பலன் உண்டு. இங்கே வாரியம் கடையைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பதில்லை, கம்பெனிகளோடு பேரம் பேசுகிறது. எந்தக் கம்பெனி உள்ளே வரலாம் என்று தேர்ந்தெடுக்கிறது. சில்வர் என்ற நடுத்தரத் திட்டம் என்றால் யாரிடம் வாங்கினாலும் டாக்டரைப் பார்க்க அதே கட்டணம், இன்சூரன்ஸ் தரத் தொடங்கும் முன் நாமே கட்ட வேண்டிய தொகையும் அதே. அதனால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

---

கடுப்பு கந்தன் | செவ்வாய், காலை 9.50

@சந்திரா அதே கவர்ட் கலிஃபோர்னியாதானே உங்கள் படிவத்தில் நீங்கள் சொன்னதை லிங்க்ட்இன்னுக்கு அனுப்பியது? கர்ப்பமா, கண்பார்வை உண்டா, எத்தனை மாத்திரை என்பது உட்பட. 2025 ஏப்ரலில் கால்மேட்டர்ஸ், தி மார்க்கப் என்ற செய்தித் தளங்களில் எழுதினார்களே. பத்து நாள் முன்னறிவிப்பு, மைக், ஸ்வெட்டர் எல்லாம் இருந்து என்ன?

---

சாக்ரமெண்டோ சந்திரா | செவ்வாய், காலை 10.14

உண்மைதான், மறுக்கவில்லை. விளம்பரம் எத்தனை பேரைச் சேர்க்கிறது என்று கணக்கெடுப்பதற்காகத் தளத்தில் வைத்த கண்காணிப்பு நிரல் அது. கண்டுபிடித்தது வாரியமும் இல்லை, தணிக்கையாளரும் இல்லை, பத்திரிகைக்காரர்கள். தொடக்கத்தில் ஒப்பந்தங்களை ரகசியமாக வைத்துக்கொள்ள இந்தச் சந்தைக்குச் சட்டத்திலேயே சலுகை இருந்தது. 2013இல் ஏபி செய்தி நிறுவனம் அதை எழுதிய பிறகுதான் சட்டத்தைத் திருத்தினார்கள்.

---

போர்ட்லண்ட் முருகு | செவ்வாய், மதியம் 1.08

கணக்குப்பிள்ளை ஐயா எதைக் கோட்டை விட்டார்கள் என்று சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியும். ஆரிகான்காரன், எங்கள் கதையாகத்தான் இருக்கும் :)

எங்கள் சந்தையின் பெயர் கவர் ஆரிகான். 2013 அக்டோபரில் திறந்திருக்க வேண்டும். மத்திய அரசு கொடுத்தது 300 மில்லியன் டாலருக்கு மேல். நாட்டுப்புறப் பாட்டு பாடும் விளம்பரமெல்லாம் அழகாக வந்தது. தளம் மட்டும் வரவில்லை. ஒரு ஆள்கூட முதலிலிருந்து கடைசிவரை ஆன்லைனிலேயே பதிவை முடிக்க முடியாத நிலை. காகிதத்தில் விண்ணப்பம் வாங்கி, கையால் சரிபார்க்க நூற்றுக்கணக்கில் ஆள் எடுத்தார்கள்.

பிறகு ஆளுநர் கேட்டு வந்த ஆய்வறிக்கை சொன்னது இதுதான்: சந்தை நிர்வாகம் ஒரு பக்கம், மாநில சுகாதார ஆணையம் ஒரு பக்கம், மனிதவளத் துறை ஒரு பக்கம். மூன்றுக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட ஒரு ஆள் இல்லை. வீடு கட்டும்போது மேஸ்திரி வைக்காமல் கொத்தனாரிடமே நேராகப் பணம் கொடுப்போமே, அந்த மாதிரி. தளத்தைக் கட்டிய ஆரக்கிள் கம்பெனிக்கு வேலை முடிந்தால் இவ்வளவு என்று பேசாமல், வேலை செய்த நேரத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம். தரக் கண்காணிப்புக்கு மாக்சிமஸ் என்ற கம்பெனியைத் தனியாக வைத்திருந்தார்கள். அது மாதா மாதம் அபாயம், அபாயம் என்று சிவப்புப் புள்ளி போட்டு அறிக்கை கொடுத்துக்கொண்டே இருந்தது.

2014 ஏப்ரலில் தளத்தைக் கைவிட்டு ஹெல்த்கேர்.கவ்வுக்குப் போக முடிவெடுத்தார்கள். 2015இல் சட்டம் போட்டு கவர் ஆரிகானையே கலைத்தார்கள். ஆரக்கிளும் மாநிலமும் மாறி மாறி வழக்குப் போட்டு, 2016இல் சமரசம். இப்போது 2027 பாலிசி ஆண்டுக்கு மறுபடி சொந்தத் தளம் கட்டுகிறார்கள். எனக்கு வயிறு கலங்குகிறது.

---

பழைய கணக்குப்பிள்ளை | செவ்வாய், மாலை 6.47

முருகு தம்பி என் வேலையைப் பாதி முடித்துவிட்டார்.

சட்டம் எழுதியவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகளைப் பற்றித்தான் பயம். கம்பெனிக்காரன் வாரியத்தில் உட்கார்ந்து தனக்குச் சாதகமாகத் திட்டத்தை வளைப்பான் என்று எண்ணி, பெரும்பான்மை கூடாது, உறவு இருந்தால் வெளியே சொல்ல வேண்டும் என்றெல்லாம் வேலி போட்டார்கள். அந்த வேலி நன்றாகவே நின்றது. ஆனால் பணம் போனது கம்ப்யூட்டர் ஒப்பந்தத்தில். நாயை வாசலில் கட்டிவைத்தார்கள், மாடு கொல்லை வழியாக வந்து மேய்ந்துவிட்டுப் போய்விட்டது.

மேரிலாந்து: திறந்த அன்றே தளம் படுத்தது. 2014 பிப்ரவரியில் முதன்மை ஒப்பந்ததாரர் நோரிடியனை நீக்கினார்கள். அடுத்த வருடம் அது 45 மில்லியன் டாலர் திருப்பித் தர ஒத்துக்கொண்டது. அப்புறம் கனெக்டிகட் பயன்படுத்திய மென்பொருளையே வாங்கிப் போட்டார்கள். மாசசூசெட்ஸ் 2006 முதல் சந்தை நடத்திய மாநிலம், மற்றவர்களுக்கு மாதிரி. அதுவும் 2013இல் புதிய தளத்தில் விழுந்தது. நெவாடாவும் அதே வருடம். ஐடஹோவில் வேறு வகை: 19 பேர் வாரியம், அதில் ஒருவர் பதவி விலகிய கையோடு அவருக்கே டெண்டர் இல்லாமல் 3,75,000 டாலர் வரைக்குமான ஒப்பந்தம். செய்தி வெளியே வந்ததும் ரத்து.

இதில் எந்த வாரியமும் கூட்டம் நடத்தாமல் இல்லை. கூட்டக் குறிப்புகள் எல்லாம் அச்சடித்த மாதிரி இருக்கும். நான் தணிக்கைக்குப் போன ஓர் இடத்தில் (சந்தை இல்லை, வேறு திட்டம்) வாரியத்துக்குக் காட்டும் ஸ்லைடில் மஞ்சள் கலர் என்றால் "கவனம் தேவை" என்று வைத்திருந்தார்கள். எட்டு மாதம் எல்லாமே மஞ்சள். சிவப்பு என்று ஒரு கலர் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. கேட்டதற்கு, உறுப்பினர்கள் பதறுவார்கள் என்றார்கள்.

வாரிய உறுப்பினர்கள் மருத்துவம், பொருளாதாரம், நுகர்வோர் நலம் தெரிந்தவர்கள். விதியும் பெரும்பான்மை உறுப்பினர்களிடம் சுகாதாரத் துறை அனுபவத்தைத்தான் கேட்டது. மென்பொருள் வேலை எப்போது பொய் சொல்கிறது என்று மூக்கால் முகர்ந்து சொல்லும் ஆள் அந்த மேஜையில் இல்லை.

---

அட்லாண்டா ஏஜென்ட் | செவ்வாய், இரவு 8.20

நானும் ஏஜென்ட்தான், திட்டிவிடாதீர்கள். கந்தன் அண்ணன் மத்தியத் தளமே போதும் என்றார். 2024இன் முதல் மூன்று மாதத்தில் மட்டும், கேட்காமலே சேர்த்துவிட்டார்கள், கேட்காமலே திட்டத்தை மாற்றிவிட்டார்கள் என்று சிஎம்எஸ்ஸுக்கு வந்த புகார் சுமார் 90,000. எல்லாம் ஹெல்த்கேர்.கவ் மாநிலங்களில். பெயர், பிறந்த தேதி, மாநிலம் இவ்வளவு இருந்தால் ஏஜென்ட் ஒருவன் உங்கள் கணக்கைத் திறக்க முடிந்தது. எங்கள் தொழிலுக்கே அவமானம். பிறகு 850 ஏஜென்ட்களை நிறுத்திவைத்தார்கள். பல மாநிலச் சந்தைகளில் வாடிக்கையாளரே கணக்குக்குள் போய் "இவர் என் ஏஜென்ட்" என்று அனுமதி கொடுக்க வேண்டும், அதனால் இந்த வியாதி அங்கே அவ்வளவாகப் பரவவில்லை.

எங்கள் ஜார்ஜியாவில் 2025 முதல் சொந்தச் சந்தை. வாரியமே கிடையாது. தேர்தலில் ஜெயித்து வரும் இன்சூரன்ஸ் கமிஷனரின் அலுவலகம்தான் எல்லாம். மனு கொடுக்க ஒரு முகம் இருக்கிறது என்பது நல்லது. அதே அலுவலகம்தான் கம்பெனிகளையும் ஏஜென்ட்களையும் கண்காணிக்கிறது, கடையையும் நடத்துகிறது. அது நல்லதா கெட்டதா, நான் வாய் திறக்கவில்லை. லைசென்ஸ் அவர்கள் கையில் :)

---

கடுப்பு கந்தன் | செவ்வாய், இரவு 8.41

90,000 புகார் விஷயத்தில் வாயை மூடிக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஒரு முகம் என்றால் கென்டக்கி மாதிரி ஆகும். 2012இல் ஆளுநர் ஸ்டீவ் பெஷியர் ஆணை போட்டு கைநெக்ட் என்ற சந்தையை உண்டாக்கினார். நாட்டிலேயே ஒழுங்காக ஓடிய தளங்களில் ஒன்று. அடுத்து வந்த மேட் பெவின் 2016இல் மூடினார். அதற்கடுத்து ஸ்டீவின் மகன் ஆண்டி பெஷியர் ஆளுநராகி 2021இல் மறுபடி திறந்தார். அப்பா திறந்த கடை, பங்காளி பூட்டியது, மகன் சாவி போட்டது. நம் ஊர் சமாச்சாரம் மாதிரி இல்லை?

---

போர்ட்லண்ட் முருகு | செவ்வாய், இரவு 9.02

வாரியம் இருந்தாலும் பூட்டலாம், எங்களுக்குப் பூட்டினார்களே. அதற்குச் சட்டமன்றம் கூட வேண்டியிருந்தது, கென்டக்கியில் அது தேவைப்படவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

---

டிசி வாசி | செவ்வாய், இரவு 9.30

கண்காணிப்பு வேகமாக நடக்க வேண்டுமா? கண்காணிப்பவனையே வாடிக்கையாளர் ஆக்கிவிடுங்கள். காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் இன்சூரன்ஸ் வாங்குவது வாஷிங்டன் நகரச் சந்தையான டிசி ஹெல்த் லிங்கில்தான். 2023 மார்ச்சில் அங்கே 56,415 பேரின் தகவல் திருடு போனது. தவறாக அமைத்த ஒரு சர்வர். அடுத்த மாதமே நிர்வாக இயக்குநர் நாடாளுமன்றக் குழு முன் உட்கார்ந்து, மனிதத் தவறு என்று ஒத்துக்கொண்டு பதில் சொன்னார். கனெக்டிகட்டில் 2014இல் 400 பேர் விவரம் எழுதிய நோட்டுகளோடு ஒரு முதுகுப்பை ஹார்ட்ஃபோர்டு தெருவில் கிடந்ததே, எனக்குத் தெரிந்து அதற்கு யாரும் வாஷிங்டனில் விசாரணை வைக்கவில்லை.

---

மன்னார்குடிப் பெண் | செவ்வாய், இரவு 10.15

எல்லோருக்கும் நன்றி. ஆனால் எனக்கு இன்னும் புரியாதது ஒன்று. இத்தனை வாரியம், தணிக்கை, விசாரணை இருக்கிறதே. இவர்களில் என் நோட்டுப் பக்கத்தை எடுத்துப் பார்க்கப்போவது யார்?

---

பழைய கணக்குப்பிள்ளை | செவ்வாய், இரவு 10.58

நேர்மையான பதில்: வாரியம் பார்க்காது, பார்க்கவும் முடியாது. அப்பீலை விசாரிக்கும் அதிகாரி பார்ப்பார். யாரிடம் எது இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். மானியம் எவ்வளவு என்பது காங்கிரஸ் கையில். கம்பெனி பில் கட்ட மறுத்தால் மாநில இன்சூரன்ஸ் துறை. உங்கள் ஃபைல் அப்பீலில். வாரியத்திடம் இருப்பது கட்டணம், ஒப்பந்தம், கால் சென்டரில் எத்தனை பேர், ஆவணத்தைப் படிக்கும் வேலையை எந்தக் கம்பெனிக்குக் கொடுத்தார்கள் என்பது. இரண்டு தடவை தெளிவாக இல்லை என்று வந்ததென்றால், மனிதர் யாரும் பார்க்காமல் மென்பொருள் தள்ளியிருக்கலாம் என்பது என் ஊகம். கையால் எழுதிய நோட்டு பாருங்கள். அதை அப்பீலில் எழுதாதீர்கள், அங்கே வருமானம் மட்டும் பேசுங்கள். மென்பொருள் கேள்வியை வாரியக் கூட்டத்தில் கேளுங்கள். "ஆவணச் சரிபார்ப்பு ஒப்பந்தத்தில் நிராகரிப்பு விகிதம் எவ்வளவு, அதில் அப்பீலில் மாறியது எவ்வளவு?" இந்த ஒரு வாக்கியம். குறிப்பில் ஏறிவிட்டால் அடுத்த வருடத் தணிக்கையாளர் கண்ணில் படும். எங்களுக்கு அந்த மாதிரி ஒரு வரிதான் வேண்டும், எங்கே தோண்டுவது என்று தெரியாமல்தான் பாதி நாள் போகும்.

உங்கள் மாநில சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கும் ஒரு மின்னஞ்சல். பல சந்தைகளில் அவர்கள் அனுப்பும் புகார்களுக்கென்று தனி மேஜையே உண்டு. அப்பாவின் மனு நாளுக்குக் கிட்டத்தட்ட அதுதான்.

---

வரிவேலை | செவ்வாய், இரவு 11.31

அக்கா, அப்பீல் நடக்கும்போது மானியம் தொடர்ந்தால், கடைசியில் தோற்றால் வரியில் திருப்பிக் கட்ட வேண்டிவரும். முன்பெல்லாம் அதற்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. 2026 வரி ஆண்டு முதல் அது கிடையாது, முழுதும் கட்டணும். ஆகவே நோட்டுக் கணக்கு சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை கூட்டிப் பார்த்துவிடுங்கள். ஜனவரி முடிவுக்குள் சந்தையிலிருந்து வரும், மானியக் கணக்கு இருக்கும் 1095-ஏ படிவத்தையும் பத்திரமாக வையுங்கள், அதில் தவறு இருந்தால் திருத்தித் தர வேண்டியதும் சந்தைதான், வரித்துறையான ஐஆர்எஸ் இல்லை.

எச்-1பியில் இருப்பவர்கள் இதைப் படித்தால்: 2025 ஜூலையில் வந்த சட்டப்படி 2027 முதல் உங்களுக்கு மானியம் இல்லை. கிரீன் கார்டு இருந்தால் உண்டு. இதில் எந்த மாநில வாரியத்திடம் மைக் பிடித்தும் பயனில்லை.

---

மன்னார்குடிப் பெண் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 5.20

பின்குறிப்பு போடுகிறேன், கேட்டிருந்தீர்கள்.

அப்பீல் போட்டேன். பழைய மானியத்தை முடிவு வரும்வரை தொடர்கிறார்கள். இந்த மாதம் 412தான் எடுத்தார்கள். நோட்டைக் கூட்டிப் பார்த்ததில் ஒரு மாதம் 60 டாலர் குறைத்து எழுதியிருந்தேன், திருத்தி அனுப்பினேன். விசாரணை போனில், அடுத்த மாதம் 9ஆம் தேதி. சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டு, என் நோட்டுப் பக்கங்களைக் கேட்டு வாங்கினாள். "படிக்க முடிகிறதே" என்றாள். அழுகை வந்துவிட்டது.

வாரியக் கூட்டம் வியாழக்கிழமை, ஜூமில். பேச இரண்டு நிமிடம். கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன வாக்கியத்தைத் தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். அப்பாவும் ஊரிலிருந்து கேட்கலாமா என்கிறார், அங்கே அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். முடிந்ததும் கலெக்டர் என்ன சொன்னார் என்று கேட்பார்.

---

பழைய கணக்குப்பிள்ளை | ஞாயிறு, மாலை 6.02

இணைப்பை இங்கேயும் போடுங்கள் அம்மா. பின்னல் ஊசி எடுத்துக்கொண்டு வருகிறேன்.